தட்டைத் திரையும் அதன் இயல்புத் தெளிவுத்திறனும்

பெட்டி போன்ற பழைய சிஆர்டி (கண்ணாடிக் குழாய்) மானிட்டரில் 800×600, 1024×768 என எந்தத் தெளிவுத்திறனை, அதாவது படத்தின் அகலத்திலும் உயரத்திலும் உள்ள பிக்சல்கள் என்னும் புள்ளிகளின் எண்ணிக்கையை, வைத்தாலும் படம் ஏறத்தாழ ஒரே தரத்தில் தெரியும். அதில் எலக்ட்ரான் கற்றை, கண்ணாடியின் உட்புறத்தில் உள்ள, எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் பூச்சின் மேல் வரிவரியாக ஓடிப் படத்தைத் தீட்டுகிறது. எத்தனை வரிகள் என்பதைக் கணினியிலிருந்து வரும் சமிக்ஞையே முடிவு செய்கிறது. பிக்சலுக்கு ஒரு பாஸ்பர் புள்ளி என்ற கணக்கு அங்கே கிடையாது.

எல்சிடி எனும் தட்டைத் திரையில் பிக்சல்களின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. 19 அங்குல மானிட்டர்கள் பலவற்றில் 1280 பத்திகளும் 1024 வரிசைகளுமாக 13,10,720 பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்பிக்சல்கள், ஒவ்வொரு துணைப்பிக்சலுக்கும் அதன் ஒளியைக் கட்டுப்படுத்த ஒரு டிரான்சிஸ்டர். இந்த 1280×1024தான் அத்திரையின் இயல்புத் தெளிவுத்திறன்.

இதே திரைக்கு 1024×768 படத்தை அனுப்பினால், படத்தின் 4 பத்திகள் திரையின் 5 பத்திகளில் பரவ வேண்டியிருக்கிறது. ஒரு பிக்சல் அகலமுள்ள கறுப்புக் கோடு ஒன்றேகால் பத்தியாக வேண்டும். கால் பத்தி என்று ஒன்று இல்லாததால், மானிட்டருக்குள் இருக்கும் சில்லு ஒரு பத்தியைக் கறுப்பாகவும் பக்கத்துப் பத்தியைச் சாம்பலாகவும் ஆக்கிச் சமாளிக்கிறது. கோடு விழும் இடத்தைப் பொறுத்து இரண்டுமே சாம்பலாகிவிடுவதும் உண்டு. அதனால்தான் ஒரே எழுத்து ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மங்கியும் தெரிகிறது. ண, ஞ போன்ற சுழி மிகுந்த எழுத்துகளைச் சிறிய அளவில் படிக்கும்போது இந்தக் குறை பளிச்சென்று தெரியும். விளிம்புகள் மென்மையான புகைப்படங்களில் அவ்வளவாகத் தெரியாது. போதாக்குறைக்கு, அகலம் 1.25 மடங்கும் உயரம் 1.33 மடங்கும் கூடுவதால் வட்டங்கள் சற்றே நீள்வட்டமாகிவிடும்.

எழுத்து சிறிதாக இருக்கிறது என்று பலர் தெளிவுத்திறனைக் குறைக்கிறார்கள். அது தவறான மருந்து. தெளிவுத்திறனை இயல்பு நிலையிலேயே விட்டுவிட்டு, விண்டோஸ் அமைப்பில் எழுத்தளவை 125 விழுக்காடாக உயர்த்துவதே சரி. அப்போது எழுத்தின் வடிவம் கூடுதல் பிக்சல்களைக் கொண்டு புதிதாக வரையப்படுகிறது. துணைப்பிக்சல்களைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தைக் கூர்மையாக்கும் கிளியர்டைப் நுட்பமும் இயல்புத் தெளிவுத்திறனில்தான் முழுப் பயன் தரும்.

இயல்பு நிலையிலும் எழுத்து மங்கினால் கேபிளைப் பார்க்க வேண்டும். விஜிஏ என்ற பழைய வகைக் கேபிளில், பிக்சல் பிக்சலாகப் பிரியாமல் தொடர்ச்சியாக மாறும் அனலாக் சமிக்ஞை வருவதால், அதை எந்தக் கணத்தில் அளந்து எந்தப் பிக்சலுக்குத் தருவது என்பதை மானிட்டரே கணிக்க வேண்டியிருக்கிறது. மானிட்டரின் ஆட்டோ பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒவ்வொரு பிக்சலின் மதிப்பும் எண்ணாகவே வரும் டிவிஐ போன்ற டிஜிட்டல் இணைப்பில் இந்தச் சிக்கலே எழாது.