சஸ்பெண்ட் ஆனதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை

போலீஸ்காரர் ஒருவர் யாரையோ அடிக்கும் வீடியோ பரவுகிறது, சாயங்காலத்துக்குள் 'சஸ்பெண்ட்' என்று செய்தி வருகிறது, நாமும் அத்தோடு ஆறுதலடைந்து நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். காவல்துறை ஒழுங்கு நடவடிக்கைகளில் போலீஸார் பக்கமும் புகார்தாரர் பக்கமும் ஆஜராகிவரும் வழக்கறிஞராக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சஸ்பெண்ட் தண்டனையே அல்ல. விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து ஒதுக்கி வைப்பது, அவ்வளவுதான். பிழைப்பூதியம், அதாவது சம்பளத்தில் ஒரு பகுதி, வந்துகொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டு குறிப்பாணை (மெமோ) கொடுக்காவிட்டால் சஸ்பெண்டை நீட்டிக்கக்கூடாது என்று 2015-ல் அஜய்குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆகவே மெமோ தாமதமானால் அவர் திரும்ப வந்து டூட்டியில் நிற்க வழி கிடைத்துவிடும். ஆயுதப்படைக்கு மாற்றினார்கள் என்பதும் அப்படித்தான், வெறும் இடமாறுதல்.

தண்டனை வேறு இடத்தில் முடிவாகிறது. காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம், அதாவது மாநிலமே சட்டம் போடும். சென்னைக்கு 1888-ம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம், மற்ற இடங்களுக்கு 1859-ம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டம் என்று வெள்ளைக்காரர் காலத்துச் சட்டங்கள் இருந்தாலும், காவலர் முதல் இன்ஸ்பெக்டர் வரை ஒருவரைத் தண்டிக்கப் பயன்படுவது 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள்தான். அதில் 3(அ) விதி என்றால் சிறு தண்டனை: விளக்கம் வாங்கிக்கொண்டு கண்டிப்பு, ஊதிய உயர்வைத் தள்ளிவைப்பது போன்றவை. 3(ஆ) என்றால் பெரிய தண்டனை, பதவியிறக்கத்திலிருந்து டிஸ்மிஸ் வரை போகலாம், ஆனால் அதற்குச் சாட்சிகளை நேரில் விசாரிக்கும் வாய்மொழி விசாரணை நடந்தாக வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 311-வது பிரிவு இருப்பதால், நியமித்த அதிகாரிக்குக் கீழே உள்ளவர் டிஸ்மிஸ் செய்ய முடியாது, குற்றச்சாட்டைச் சொல்லி பதில் சொல்ல வாய்ப்பு தராமலும் (சில விதிவிலக்குகள் தவிர) முடியாது. இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றே நினைக்கிறேன். மேலதிகாரியின் கோபத்துக்கு ஆளாகி மெமோ வாங்கிய நேர்மையான ஏட்டுகளுக்காகவும் வாதாடியிருக்கிறேன்.

வேலைக்கு எடுக்கும்போது நம் மாநிலம் எவ்வளவு கறாராக இருக்கிறது என்று பாருங்கள். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு எல்லாம் தாண்டி வந்த பையனுக்கு, சந்தேகத்தின் பலனில் விடுதலையான பழைய வழக்கு ஒன்று இருந்தாலே போதும், முன்னடத்தைச் சரிபார்ப்பில் வேலை போய்விடும். படிவத்தில் அதை மறைத்திருந்தால் இன்னும் மோசம். உள்ளே வந்தபிறகோ, நேராக 3(ஆ)-வுக்குப் போக வேண்டிய குற்றச்சாட்டு 3(அ)-வில் ஒரு கண்டிப்போடு முடிந்துபோவதைப் பார்க்கிறேன். இது நியாயமே இல்லை.

சரி, இதில் பொதுமக்கள் என்ன செய்ய முடியும்? நிறையவே முடியும். துறை விசாரணையில் கிரிமினல் கோர்ட் அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே தண்டிக்கலாம். அப்படியிருந்தும் விசாரணைகள் கவிழ்வதற்கு நான் அதிகம் பார்த்த காரணம், புகார்தாரர் சாட்சி சொல்ல வராமல் போவது. பயம் ஒரு பக்கம், 'சமாதானமாகப் போயிடலாம்' என்று வீட்டுக்கு வந்து பேசுகிறவர்கள் ஒரு பக்கம். சம்மன் வந்தால் தயவுசெய்து போங்கள்.

புகாரையும் உருப்படியாக எழுதுங்கள். 'போலீஸார் என்னை அடித்தனர்' என்று ஒரே வரியில் எழுதினால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே யார் அடித்தது என்பதுதான். எத்தனை மணிக்கு ஸ்டேஷனுக்குள் போனீர்கள், ரைட்டர் மேஜை பக்கமா பின்னறையிலா, லத்தியா கையா, எந்தத் தோளில், சட்டையில் இருந்த பெயர்ப் பட்டையில் என்ன, பார்த்தவர் யார் என்று எழுதுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படிக் காயம்பட்டது என்பதை விபத்துப் பதிவேட்டில் சொல்லிப் பதியவையுங்கள். 'கீழே விழுந்தேன்' என்று பயந்துபோய்ச் சொன்ன ஒரு வார்த்தை பிறகு மொத்த வழக்கையும் சாய்த்துவிடும்.

அப்புறம் சிசிடிவி. காவல் நிலைய கேமரா பதிவுகளைப் பதினெட்டு மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குச் சில மாதம் முன்புதான், தந்தையும் மகனும் காவலில் இறந்த சாத்தான்குளம் சம்பவத்தில் விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட், ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். எனவே பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் கடிதத்தை அன்றைக்கோ மறுநாளோ மாநகரமானால் கமிஷனருக்கும், மற்ற இடமானால் எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

போலீஸ்மீதான புகாரைப் போலீஸிடமே கொடுப்பதா என்ற கேள்விக்கு 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனிப் புகார் ஆணையம். தமிழ்நாடு 2013-ல் கொண்டுவந்த காவல் சீர்திருத்தச் சட்டமோ, மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவராக்கி, கூடவே காவல் அதிகாரிகளையே உறுப்பினர்களாக உட்கார வைத்தது. எஸ்.பி.க்குக் கீழே வேலை பார்ப்பவர்மீதான புகாரை விசாரிக்கும் குழுவில் அதே எஸ்.பி. உறுப்பினர்! ஆணையம் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதன் நோக்கமே இதில் அடிபட்டுப் போகிறது, சட்டமன்றம் இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

அதுவரை மாநில மனித உரிமை ஆணையம்தான் நடைமுறையில் பயன்படும் வழி என்பது என் அனுபவம். அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டுச் சம்பந்தப்பட்டவரின் சம்பளத்தில் பிடிக்கவும் முடியும். சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் ஆணையம் புகாரை எடுக்காது. துறை விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து அந்த ஒரு வருடத்தைக் கோட்டைவிடாதீர்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம்.