அரோரா: துருவ ஒளியா, காந்தமுனை ஒளியா?

துருவப் பகுதிகளின் இரவு வானில் வண்ண வண்ணமாக ஒளிரும் வெளிச்சத்துக்கு அரோரா என்று பெயர். லத்தீனில் 'அரோரா' என்றால் விடியல். ரோமானியர்களின் விடியல் தேவதைக்கும் அதுதான் பெயர். சமஸ்கிருதத்தின் 'உஷஸ்' இதே வேரில் கிளைத்தது என்கிறது மொழியியல். நம் ஊர் உஷாக்களுக்கெல்லாம் அரோரா தூரத்துச் சொந்தம்! தெற்கு ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் இந்த வெளிச்சம் வடக்கு அடிவானத்தில் செக்கச்செவேல் என்று தெரியும், நடுராத்திரியில் பொழுது விடிகிற மாதிரி. அதனால்தான் 17-ஆம் நூற்றாண்டில் 'அரோரா போரியாலிஸ்', அதாவது வடதிசை விடியல் என்ற பெயர் வந்தது.

தமிழில் நாம் துருவ ஒளி என்கிறோம். துருவம் வடசொல், அசையாதது என்று பொருள். துருவ நட்சத்திரம் அப்படி வந்ததே. தனித்தமிழில் முனை.

பூமிக்கு இந்தப் பெயர் சரி. சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வரும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று நம் காந்தப்புலத்தை அழுத்தி, பின்னால் வால்போல இழுக்கிறது. இழுபட்ட புலம் தளரும்போது எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகள் வழியே துருவப் பகுதிகளில் பாய்ந்து காற்றில் மோதுகின்றன. ஆக்சிஜன் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்கிறது.

வியாழனுக்குப் போனால் 'விடியல்' என்ற பெயர் தடுமாறுகிறது. அங்கே சூரியக் காற்று இரண்டாம்பட்சம்தான். வியாழனின் நிலவு அயோவில் எரிமலைகள் ஓயாமல் குமுறுகின்றன. அங்கிருந்து நொடிக்குச் சுமார் ஒரு டன் கந்தகமும் ஆக்சிஜனும் விண்வெளியில் கலக்கின்றன. அவை மின்னேற்றம் பெற்றதும் வியாழனின் காந்தப்புலம் அவற்றைப் பிடித்துத் தன்னோடு சுழற்றப் பார்க்கிறது. வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும் கோள். அந்த வேகத்துக்குத் துகள்கள் ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும்போது பெரும் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவைதான் முதன்மை ஒளிவளையத்தை ஏற்றி வைக்கின்றன. அதனால் அந்த விளக்கு அணைவதே இல்லை. எனக்கு இதில் மிகப் பிடித்தது வேறொன்று: அயோ, யூரோப்பா, கானிமீடு ஆகிய நிலவுகள் ஒவ்வொன்றும் அந்த ஒளியில் தனக்கென ஒரு புள்ளியைக் காலடித்தடம்போலப் பதிக்கின்றன. ஹைட்ரஜன் ஒளிர்வதால் பெரும்பகுதி புற ஊதாவிலும் அகச்சிவப்பிலும்தான் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது.

சனியில் சூரியக் காற்றின் கை ஓங்குகிறது. 2004 ஜனவரியில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருந்தபோது, காசினி விண்கலம் அளந்த சூரியக் காற்றின் அழுத்தம் எகிற, ஒளியும் கூடியது. சனியின் காந்த அச்சும் (காந்தமுனைகளை இணைக்கும் கோடு) சுழல் அச்சும் (துருவங்களை இணைக்கும் கோடு) கிட்டத்தட்ட ஒன்றே. 'துருவ ஒளி' என்ற சொல் அச்சுப் பிசகாமல் பொருந்தும் கோள் இதுதான்.

அப்புறம் யுரேனஸ், நெப்டியூன். யுரேனஸின் காந்த அச்சு சுழல் அச்சிலிருந்து 59 பாகை சாய்ந்தது. நெப்டியூனுக்கு 47 பாகை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-இல் எடுத்து 2025-இல் வெளியான படங்களில், நெப்டியூனின் ஒளி நடு அகலாங்குகளில், அதாவது துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில், தெரிகிறது. பூமியில் வைத்துப் பார்த்தால் தென் அமெரிக்கா இருக்கிற இடம்! அதைத் துருவ ஒளி என்று எழுதினால் படிப்பவர் தவறான இடத்தைத் தேடுவார்.

ஆகவே பூமிக்கும் சனிக்கும் துருவ ஒளி என்றே எழுதலாம். எல்லாக் கோள்களையும் சேர்த்துப் பேசும்போது நான் 'காந்தமுனை ஒளி' என்பேன். நெப்டியூனில் முனை எங்கே சாய்ந்திருக்கிறதோ, ஒளியும் அதைச் சுற்றித்தானே எரிகிறது.