எம்பசிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையைத் தெரியுமா?

மேற்கு ஆசியாவில் எங்காவது குண்டு விழுந்ததாக டிவியில் செய்தி ஓடினால், அன்று மாலைக்குள் என் அலுவலகத்துக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். மணப்பாறை, பெரம்பலூர், அறந்தாங்கி என்று பல ஊர்களிலிருந்தும் பேசுவார்கள். "சார், கவர்ன்மென்ட் பிளேன் எப்ப விடுவாங்க?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. பதிலுக்கு நான் கேட்பது பாஸ்போர்ட் எண், வேலை பார்க்கும் ஊரும் கம்பெனியும், போன விசா எது என்பது. பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் இருப்பதில்லை. பாஸ்போர்ட் நகல் தம்பியின் போனில் இருந்தது, அந்த போன் உடைந்துவிட்டது என்பார்கள். கம்பெனி பெயர் ஏஜென்டுக்குத்தான் தெரியும், அவர் இப்போது போன் எடுப்பதில்லை.

திருச்சியில் வழக்கறிஞராக இருக்கிறேன். வெளிநாடு போன தொழிலாளர்களின் சம்பளப் பாக்கி, விபத்து இழப்பீடு, இறந்தவர் உடலைக் கொண்டுவருவது போன்றவைதான் என்னிடம் அதிகம் வருகின்றன. ஆபத்துக் காலத்தில் அரசு எப்படி இயங்குகிறது, எந்த இடத்தில் அதற்குக் கை எட்டுவதில்லை என்பதை இந்த வேலையில் கிட்டத்திலிருந்து பார்க்க முடிகிறது. அது தெரியாததால் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விமானம் அனுப்புவது மீட்பின் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் பேச்சுவார்த்தை. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைச் சந்தித்தார். இருவரும் கட்டித் தழுவிய படம் வெளியாகி உலகம் முழுக்க விமர்சனம் வந்தது. எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. ஈராக்கின் சம்மதம் இல்லாமல் ஒரு பேருந்துகூட குவைத்திலிருந்து பாலைவனம் தாண்டி ஜோர்டானின் அம்மானுக்குப் போயிருக்க முடியாது. அந்தச் சம்மதம் கிடைத்ததால்தான் இரண்டு மாத காலத்தில் ஏர் இந்தியா கிட்டத்தட்ட 500 முறை பறந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஊருக்குக் கொண்டுவர முடிந்தது.

2015-ல் ஏமன். மார்ச் 26 அன்று சவூதி தலைமையிலான கூட்டுப்படை குண்டுவீச்சைத் தொடங்கியது, வான்வெளி மூடப்பட்டது. தலைநகர் சனாவில் இந்திய விமானம் இறங்க வேண்டுமானால், குண்டு போடும் நாடே சில மணி நேரம் வழிவிட வேண்டும். டெல்லி சவூதி அரசுடன் பேசி அந்த நேரத்தை வாங்கியது. ஏடன் துறைமுகத்துக்கு, கடற்கொள்ளையரைத் தடுக்கும் ரோந்தில் இருந்த ஐ.என்.எஸ். சுமித்ரா திருப்பிவிடப்பட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜிபூத்தியில் அமைச்சர் வி.கே. சிங் முகாமிட்டு வேலையை நடத்தினார். 'ராஹத்' என்ற அந்த நடவடிக்கையில் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களோடு, 41 நாடுகளைச் சேர்ந்த 960 வெளிநாட்டவரும் மீட்கப்பட்டார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை அது. ஆனால் வெளியேறச் சொல்லும் எச்சரிக்கை அந்த ஜனவரியிலேயே வந்துவிட்டது. பாக்கிச் சம்பளம் போய்விடுமே, ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் அடையவில்லையே என்று பலர் கிளம்பவில்லை. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. மூன்று வட்டி, நான்கு வட்டிக்குக் கடன் வாங்கிப் போனவரிடம் "வந்துவிடுங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

தூதரக எச்சரிக்கையை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். தூதரகம் இருப்பது இன்னொரு நாட்டின் மண்ணில். "இங்கே போர் வரப்போகிறது, ஓடுங்கள்" என்று அதனால் எழுத முடியாது. 2022 பிப்ரவரி 15 அன்று உக்ரைன் தலைநகர் கீவில் உள்ள நம் தூதரகம் என்ன சொன்னது? அவசியமின்றித் தங்கியிருப்பவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதைப் பரிசீலிக்கலாம், தாங்கள் இருக்கும் இடத்தைத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஒன்பதாம் நாள் ரஷ்யா தாக்கியது, உக்ரைனின் வான்வெளி மூடப்பட்டது. அதற்கப்புறம் போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லை வரை குளிரில் நடந்துதான் பலர் தப்பித்தார்கள். ஆகவே தூதரகம் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதினால் டிக்கெட் எடுங்கள். வகுப்புக்கு வராவிட்டால் அட்டென்டன்ஸ் போய்விடும் என்று கல்லூரி மிரட்டினாலும் எடுங்கள்.

உக்ரைனில் நான்கு மத்திய அமைச்சர்கள் அண்டை நாடுகளில் நின்று வேலை பார்த்தார்கள். சுமி நகரில் சிக்கியிருந்த நூற்றுக்கணக்கான மாணவர்களை வெளியே எடுக்க, பிரதமர் ரஷ்ய, உக்ரைன் அதிபர்கள் இருவரிடமும் பேச வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு ஒரு எம்.பி., எம்.எல்.ஏ. குழுவை அமைத்து, டெல்லி வந்த மாணவர்களை ஊருக்கு அழைத்துவரும் செலவை ஏற்றது. வெளியுறவு முழுக்க மத்திய அரசின் அதிகாரம் என்பதால், மாநில அரசால் இன்னொரு நாட்டோடு நேரடியாகப் பேச முடியாது. கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் மனு சென்னை போய், டெல்லி போய், அப்புறம்தான் தூதரகத்தைத் தொடும். மனு கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, கட்டாயம் கொடுங்கள். அதே நாளில் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு எண் கையில் இருந்தால்தான் யாரிடமும் தொடர்ந்து கேட்க முடியும்.

இதற்கெல்லாம் அடிப்படை, அந்த நாட்டில் இன்னார் இருக்கிறார் என்பது அரசுக்குத் தெரிந்திருப்பது. 2014-ல் ஈராக்கின் மொசூலில் ஐ.எஸ். பயங்கரவாதிகள் கடத்திக்கொண்டு போன இந்தியக் கட்டடத் தொழிலாளர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பஞ்சாப், இமாசலம், பிகார், மேற்கு வங்கத்தைச் சேர்ந்த 39 பேர். அவர்கள் இறந்துவிட்டதை 2018 மார்ச்சில்தான் அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நாடாளுமன்றத்தில் உறுதி செய்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர்கள் ஏஜென்ட் மூலம் முறையின்றிப் போனவர்கள், தூதரகத்தில் அவர்களைப் பற்றிய பதிவே இல்லை என்று அரசு சொன்னது. அதைச் சொன்னதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடவில்லை. அந்த ஏஜென்டுகளுக்குக் கடிவாளம் போடும் வேலை யாருடையது?

நம் பக்கம் இதற்கு இணையானது விசிட் விசா. "முதல்ல விசிட்ல போயிடுங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொல்லும் அந்த ஒரு வரி எத்தனை பாதுகாப்பை வெட்டிவிடுகிறது என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு இ.சி.ஆர்., அதாவது 'வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை' என்ற முத்திரை உள்ள பாஸ்போர்ட் கிடைக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியேற்றக் காப்பாளர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி 'இ-மைக்ரேட்' இணையதளம் வழியாகத்தான் கிடைக்கும். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் என்ன என்பதெல்லாம் அதில் ஏறிவிடும். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தர ஊனமானால் 10 லட்சம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமோ 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. விசிட் விசாவில் ஏறியவருக்கு இதில் எதுவுமே இல்லை. என்னிடம் வரும் குடும்பங்கள் ஏஜென்டுக்குக் கொடுத்ததாகச் சொல்லும் தொகை லட்சங்களில் இருக்கும், கையில் ஒரு ரசீதும் இருக்காது. படித்தவர்களுக்கும் ஒரு ஓட்டை உண்டு. இ.சி.ஆர். முத்திரை இல்லாத இன்ஜினியரும் மாணவரும் பெரும்பாலும் இந்தப் பதிவுக்குள் வருவதே இல்லை. அவர்கள் தாங்களாகவே தூதரகத்தின் இணையதளத்தில் பதிவு செய்தால்தான் உண்டு.

விசிட் விசாவின் புதிய முகம் மியான்மர். டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்து, நல்ல சம்பளம் என்று சொல்லி அழைத்துப்போய், மோய் ஆற்றைத் தாண்டி மியாவடி பக்கம் ஆன்லைன் மோசடி முகாம்களில் அடைத்துவிடுகிறார்கள். அடி, மின்சார ஷாக் என்று தப்பி வந்தவர்கள் சொல்வதைக் கேட்கவே முடியவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 2022-லேயே அங்கிருந்து மீண்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் வந்தார்கள். அந்தப் பகுதி மியான்மர் அரசின் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. அங்கே ஆயுதக் குழுக்களின் கை ஓங்கியிருக்கிறது. தூதரகம் யாரிடம் போய்ப் பேசும்? இரண்டு நாட்டு அரசுகள் மனது வைத்தால்கூட உடனே தீராத சிக்கல் இது.

போர் இல்லாத நாட்களிலும் நெருக்கடி வருகிறது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பில் பிடித்த தீயில் 45 இந்தியர்கள் இறந்தார்கள், அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். இரண்டே நாளில் விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. ஆனால் தனியாக ஒருவர் மாரடைப்பில் இறந்தால் அந்த வேகம் இருப்பதில்லை. இறப்புச் சான்று, தேவைப்பட்டால் போலீஸ் அறிக்கை, உடல் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் எல்லாம் சேர வேண்டும். குடும்பத்தின் சம்மதக் கடிதமும் வேண்டும். அதில் அண்ணன் ஒன்று, மனைவி ஒன்று என்று எழுதிக் கொடுத்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். முதலாளி செலவை ஏற்காதபோது, தூதரகத்தில் இருக்கும் இந்திய சமூக நல நிதியிலிருந்து கேட்கலாம். 2009-ல் தொடங்கிய நிதி இது. தூதரகச் சேவைகளுக்கு நம் மக்கள் கட்டும் கட்டணத்தோடு வசூலிக்கும் சிறு தொகையில்தான் நடக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, வழக்குச் செலவு, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றுக்கும் வசதியற்றவர்களுக்கு இதில் வழி உண்டு. தர்மம் கேட்பதுபோலக் கூச்சப்பட வேண்டியதில்லை, அது உங்கள் பணம்.

டிக்கெட் பற்றியும் ஒரு வார்த்தை. மீட்பு என்றாலே இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். கொரோனா காலத்தில், 2020 மே மாதம் தொடங்கிய வந்தே பாரத் மீட்பு விமானங்களில் பயணிகள் காசு கொடுத்துத்தான் வந்தார்கள். அதே ஆண்டு ஈரானில் சிக்கிய நம் மீனவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து, பந்தர் அப்பாஸிலிருந்து ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பலில் ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து சேர்ந்தார்கள். கரைக்கு வந்தவர்களுக்கு அடுத்து வந்த கவலை சம்பளம்.

அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. உயிரோடு வந்தால் போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். நான்கைந்து மாதச் சம்பளமும் பணிக்கொடையும் அங்கேயே நின்றுவிடுகின்றன. விமானங்களை எண்ணுகிற அரசு, இந்தப் பாக்கியையும் எண்ண வேண்டும் என்பது என் கோரிக்கை. திரும்பி வருகிறவரிடம் விமான நிலையத்திலேயே ஒரு படிவம் வாங்கி, யாருக்கு எந்த முதலாளி எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிக்கொண்டால், நிலைமை சீரானதும் தூதரகம் அந்த நாட்டுத் தொழிலாளர் துறையிடம் மொத்தமாகப் பேச முடியும். 1983-ன் குடியேற்றச் சட்டத்தில் இந்த நிலைமைக்கு ஏற்பாடு இல்லை. புதிய சட்டத்துக்கு 2021-ல் ஒரு வரைவு வந்தது, அப்படியே நின்றது; 2025-ல் இன்னொரு வரைவு வந்தது.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். வேலை ஒப்பந்தம், அகாமா என்கிற குடியிருப்பு அனுமதி அட்டை அல்லது அடையாள அட்டை, கடைசியாகச் சம்பளம் ஏறிய பேங்க் பதிவு, கம்பெனியின் அரபுப் பெயர் தெரியும்படி ஒரு போர்டு, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மனைவிக்கோ அப்பாவுக்கோ அனுப்பச் சொல்லுங்கள். கிளம்பும் முன் ஒரு நாள் அவகாசம் கிடைத்தாலும், சம்பளப் பாக்கியைக் கேட்டு வாங்க அங்கே நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் எழுதி, தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றளித்துக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கம்பெனி நீட்டும் வெள்ளைத்தாளிலோ, புரியாத அரபுக் காகிதத்திலோ மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் எழுதியிருந்தால், அதற்கப்புறம் என்னைப் போன்றவர்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.