கறள் பிடிக்காது என்று வாங்கிய கத்தியில் கறள் எப்படி வந்தது?

போன கிழமை யாழ்ப்பாணக் கடலோரத்துக் குருநகர்ப் பக்கத்து ஐயா ஒருவர் தன் வில்லுக்கத்தியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அலகு முழுக்க குண்டூசியால் குத்தியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். மடிக்கும் இடம் இறுகிப்போய், விரிக்கவே பெரும்பாடு. "தம்பி, கறள் பிடிக்காது எண்டு சொல்லித்தான் தந்தவங்கள். ஏமாத்திப்போட்டாங்களோ?"

ஏமாற்றவில்லை. ஆனால் கறள்பிடிக்காத உருக்கு என்ற பெயரை நாங்கள் அளவுக்கு மிஞ்சி நம்பிவிடுகிறோம்.

இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் அந்தப் பெயர் கிடைக்கும். குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடு ஒன்றை உருக்கின் மேல் கட்டுகிறது. கீறல் விழுந்தாலும் அந்த ஏடு தானாக மூடிக்கொள்ளும். அதற்கு எதிரி உப்பு. உப்பிலுள்ள குளோரைட்டு ஏட்டை ஓரிடத்தில் துளைத்துவிட்டால், கறள் அங்கிருந்து உள்ளே குடைந்துகொண்டு போகும். ஐயாவின் கத்தியில் இருந்த புள்ளிகள் அவைதான்.

கத்திக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கூர் நிற்கக் காபன் வேண்டும். ஆனால் காபன் குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தப் பகுதி ஏடு கட்ட உதவாது. இப்போது நிறையப் பேர் விரும்பி வாங்கும் டி2 உருக்கில் குரோமியம் ஏறத்தாழ 12 சதவீதம், காபன் 1.5 சதவீதம். கூர் நன்றாக நிற்கும், ஆனால் கடற்கரைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். 12சி27 என்ற சுவீடன் உருக்கில் காபன் 0.6 சதவீதம்தான், குரோமியம் 13.5 சதவீதம் அளவில். அடிக்கடி தீட்ட வேண்டிவரும், ஆனால் உப்புக்காற்றை அது நன்றாகவே தாங்கும். 1095 போன்ற வெறும் காபன் உருக்கில் குரோமியம் கணக்கில் இல்லை. அதில் மாங்காய், தேசிக்காய் வெட்டினால் சாம்பல்நீலக் கறை படியும். அதைக் கண்டு பயந்து உரஞ்ச வேண்டாம். கெடுதல் செய்வது செம்மண் நிறத்தில் வருவதுதான்.

எங்கள் ஊரில் கடற்காற்றை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சாரத்து மடிப்பில் கத்தியைச் செருகி நாள் முழுக்க வேலை செய்தால் வியர்வையும் உப்புத்தான். அப்புறம், கழுவும் தண்ணீர். காரைநகர், வேலணைப் பக்கம் எத்தனையோ கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் அலகில் மிஞ்சுவது உப்பு, அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துவைக்கும். நல்ல தண்ணீரில் கழுவி உடனே துணியால் துடையுங்கள். தோல் உறைக்குள் இரவில் வைக்கவேண்டாம், தோல் ஈரத்தை விடாது. வாரத்துக்கு ஒருமுறை மடிப்பில் ஒரு துளி தையல் மெசின் ஒயில். சாப்பாட்டுக்குப் பாவிக்கும் அலகென்றால் தேங்காயெண்ணெயை மெல்லிதாகப் பூசினால் போதும்.

முரட்டுச் சாணையில் அலகைத் தேய்க்கக் கொடுப்பவர்களும் கவனிக்கவேண்டும். ஆழமான கோடுகளில் உப்பு தங்கும், வழவழப்பான அலகில் அவ்வளவாகத் தங்காது. சூடு ஏறி விளிம்பு நீலமாகிவிட்டால் கூரும் நிற்காது.

ஐயாவின் கத்தியைக் கழற்றி ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டேன். மடிப்பு இளகிவிட்டது. புள்ளிகளை முற்றாக எடுக்கப் போனால் அலகே மெலிந்துவிடும் என்பதால் அவற்றைத் துப்புரவாக்கி, எண்ணெய் பூசி, அப்படியே கொடுத்தனுப்பினேன்.