மோதல் பூஜ்யம் என்றால் தண்ணீர் ஓடும் என்று அர்த்தமில்லை

கட்டட வடிவமைப்பு மென்பொருளில் வரையப்பட்ட குழாய் மாடல்களைச் சரிபார்ப்பது என் வேலை. பெரும்பாலும் மாடலோடு ஓர் அறிக்கையும் வரும். குழாய்க்கும் பீமுக்கும் மோதல் பூஜ்யம், குழாய்க்கும் டக்ட்டுக்கும் (ஏ.சி. காற்று போகும் பெட்டிக்குழாய்) மோதல் பூஜ்யம். அனுப்பியவர் வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்திருப்பார். ஆனால் அந்த அறிக்கை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: வரையப்பட்ட இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா? அந்தக் குழாயில் தண்ணீர் ஓடுமா, வால்வை ஒரு கை எட்டித் திருப்ப முடியுமா என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை. அதனால் அது சொல்லவும் இல்லை.

முதலில் வாட்டம், அதாவது குழாயின் சரிவு. மோட்டார் அழுத்தத்தில் ஓடும் குழாயை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், பீமைச் சுற்றி வளைக்கலாம். கழிவுநீர்க் குழாய்க்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அது இறங்க மட்டுமே செய்யும். ஆனாலும் மாடல்களில் கழிவுநீர்க் குழாயை மட்டமாக வரைந்துவிட்டு, "வாட்டம் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இந்தப் பழக்கம் எவ்வளவு இடத்தைத் தின்னும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

பீமின் அடிப்பக்கத்திலிருந்து ஃபால்ஸ் சீலிங் வரை 300 மி.மீ. இடம் இருக்கிறது. அதில் 110 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாய் 12 மீட்டர் ஓட வேண்டும். பீமை ஒட்டி மட்டமாக வரைந்தால் குழாய்க்குக் கீழே 190 மி.மீ. காலியாகத் தெரியும். மின்பிரிவுக்காரர் அதைப் பார்த்து, சீலிங் சட்டத்துக்கு 50 மி.மீ. விட்டு, மின்கம்பிகளைத் தாங்கும் 100 மி.மீ. உயரக் கேபிள் டிரே ஒன்றை அதில் வைக்கிறார். மோதல் இல்லை, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இப்போது 100-க்கு 1 என்று வாட்டம் கொடுங்கள். 12 மீட்டரில் குழாய் 120 மி.மீ. இறங்கும். கடைசி முனையில் அதன் அடிப்பக்கம் பீமுக்குக் கீழே 230 மி.மீ.-ல் நிற்கும். டிரே இருப்பதோ 150-க்கும் 250-க்கும் நடுவில். முதல் சில மீட்டர்கள் வரை இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் போகும், அதன் பிறகு குழாய் டிரேக்குள் புகுந்துவிடும். அதே குழாய்க்கு 60-க்கு 1 வாட்டம் வேண்டுமென்றால் இறக்கம் மட்டுமே 200 மி.மீ. டிரேயை எடுத்துவிட்டாலும் குழாய் சீலிங்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

வாட்டத்தைப் பிறகு கொடுப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரெவிட் போன்ற மென்பொருளில் மட்டமாக இணைத்த வலையமைப்புக்கு மொத்தமாகச் சரிவு கொடுத்தால், கிளைகள் சேரும் இடங்களில் கோணம் 90 டிகிரியிலிருந்து சற்று விலகும். 100-க்கு 1 என்பது ஏறத்தாழ 0.57 டிகிரி. குழாய்களை இணைக்கும் ஃபிட்டிங் அதை ஏற்காவிட்டால் இணைப்பு கழன்றுவிடும். எச்சரிக்கைப் பெட்டி வரும். அதைப் படிக்காமல் மூடிவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே மட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்ட இடத்திலிருந்து, அதாவது செங்குத்துக் குழாய் அல்லது ஆள்துளையிலிருந்து தொடங்கி, வாட்டத்தோடு பின்னோக்கி மேலே வரைந்து போவதே முறை. மற்ற எல்லாப் பிரிவுகளுக்கும் முன்பாகக் கழிவுநீர்க் குழாய் மாடலில் இடம் பிடித்துவிட வேண்டும். டக்ட் பெரியது, அதற்குத்தான் முதலிடம் என்று ஏ.சி. பிரிவினர் வாதிடுவார்கள். டக்ட் வளையும், வடிவத்தையும் மாற்றிக்கொள்ளும். கழிவுநீர் யாருக்காகவும் மேலே ஏறாது.

இணைப்பு வகையிலும் இதே அலட்சியம். எந்த இடத்தில் எந்த ஃபிட்டிங் வர வேண்டும் என்பதைக் குழாய் வகைக்குள் முன்கூட்டியே அமைத்துவிடலாம். அதை அமைக்காமல் வரைந்தால், இரண்டு கிடைமட்டக் கழிவுநீர்க் குழாய்கள் சேரும் இடத்தில் மென்பொருள் பாட்டுக்கு 90 டிகிரி டீ (T வடிவ இணைப்பு) ஒன்றைப் போட்டுவிடும். அங்கே வர வேண்டியது 45 டிகிரி ஒய் (Y வடிவ இணைப்பு). டீயில் கிளைக் கழிவு பிரதான ஓட்டத்தின் குறுக்கே வந்து விழும், எதிர்ப்புறமும் ஏறும், அடைப்பு அங்கேயே ஆரம்பமாகும். ஒய்க்கு டீயைவிட அதிக நீளம் வேண்டும். மாடலில் டீ இருந்தால், சைட்டில் ஒய்யைப் பொருத்த இடமில்லாமல் பிளம்பர் திண்டாடுவார்.

அடுத்தது அளவு. டி.என். 100 என்ற குழாயில் எந்தப் பக்கம் அளந்தாலும் சரியாக 100 மி.மீ. கிடைக்காது. டி.என். என்பது ஓர் அடையாள எண் மட்டுமே. ஐ.எஸ்.ஓ. 6708 தரநிலையும் அதை அப்படித்தான் வரையறுக்கிறது. டி.என். 100 இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. ஒரு அங்குல இரும்புக் குழாய் வெளியே 33.4 மி.மீ., தாமிரக் குழாய் அளவுமுறையில் வரும் ஒரு அங்குல சி.பி.வி.சி. (வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) 28.6 மி.மீ. மாடலில் பொருளையும் தரத்தையும் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அளவுப்பட்டியல், ஸ்லீவ் (கான்கிரீட் வழியே குழாய் போகத் துளையில் வைக்கும் உறை), குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் கிளாம்ப் எல்லாம் அதே தவறோடு வெளியே போகும்.

இந்த அளவுச் சிக்கல் பெரிதாகும் இடம் ஏ.சி.யின் குளிர்நீர்க் குழாய். போகும் குழாய், திரும்பும் குழாய், இரண்டும் டி.என். 100. மையத்துக்கு மையம் 150 மி.மீ. விட்டு அடுத்தடுத்து வரைந்திருக்கிறார்கள். வெறும் குழாயாகப் பார்த்தால் நடுவில் 35 மி.மீ.-க்குச் சற்று மேல் இடைவெளி, மோதல் இல்லை. ஒவ்வொன்றின் மேலும் 50 மி.மீ. இன்சுலேஷன் ஏறினால் விட்டம் 214.3 மி.மீ. ஆகிவிடும். 150 மி.மீ. போதாது, 214.3-க்குக் குறையவே கூடாது, கை நுழைந்து ஒட்டுவதற்கு அதற்கும் மேல் வேண்டும். ரெவிட்டில் இன்சுலேஷன் குழாயோடு சேராத தனி வகை. மோதல் சோதனையில் குழாய் வகையை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் இன்சுலேஷன் கணக்கிலேயே வராது. பிறகு சைட்டில் என்ன நடக்கும்? பணியாளர் இன்சுலேஷனைச் செதுக்கி இரண்டு குழாய்களையும் நெருக்கித் திணிப்பார். ஈரப்பதத்தைத் தடுக்கும் மேலுறை அங்கே கிழியும். கட்டடத்தை ஒப்படைத்த பிறகு சீலிங்கில் ஈரத்திட்டு தெரியும். குழாய் ஒழுகுகிறது என்று தேடுவார்கள். குழாய் ஒழுகாது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த இரும்பில் படிந்து சொட்டிக்கொண்டிருக்கும்.

வால்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாடலில் பலர் வைப்பது உடலை மட்டும். கைப்பிடி சுழலும் வட்டம், ஸ்பேனர் திரும்பும் இடம், சீலிங்கில் திறப்பு, இவையெல்லாம் பராமரிப்புக்கு வேண்டிய இடம். வால்வுக்கான பொருளுக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி போல அந்த இடத்தையும் வரைந்துவைத்தால் மோதல் சோதனையே அதைப் பிடித்துக் கொடுக்கும். இதற்கு நேர் எதிரான நோயும் இருக்கிறது. உற்பத்தியாளர் தளத்திலிருந்து ஒவ்வொரு போல்ட்டின் மரை வரை வரைந்த வால்வை இறக்கி, 400 இடங்களில் ஒட்டி, கோப்பைத் திறக்கவே முடியாமல் செய்துவிடுவார்கள். மரை யாருக்கும் வேண்டாம். கைப்பிடிக்கு இடம் வேண்டும்.

பார்வைக்கு ஒட்டியிருக்கும் குழாய்கள் உண்மையில் இணைந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஒரு மி.மீ. விலகியிருந்தாலும் மென்பொருளுக்கு அவை வேறு வேறு குழாய்கள். அந்த இடத்துக்குப் பிறகு ஓட்ட அளவு கூட்டப்படாது. அதைவைத்துக் கணக்கிட்ட பம்பின் அழுத்தமும் தவறாகத்தான் வரும். துண்டிப்புகளைக் காட்டும் வசதி ரெவிட்டிலேயே இருக்கிறது. அதை இயக்கிப் பார்க்காமல் மாடலை அனுப்புபவர்கள்மேல் எனக்குப் பொறுமை குறைவு.

வெப்ப விரிவு, ஹேங்கர் இடைவெளி ஆகியவற்றைத் தனியாக எழுத வேண்டும். ஓர் அளவு மட்டும்: 30 மீட்டர் நேர் சி.பி.வி.சி. வெந்நீர்க் குழாய், வெப்பம் 40 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ 75 மி.மீ. நீளும். அந்த நீட்சிக்கு இடம்கொடுக்கும் வளைவு எங்கே என்று மாடலில் தேடிப் பாருங்கள்.

மிச்சம் ஸ்லீவ். கான்கிரீட் ஊற்றும் முன்பே துளைகளின் இடம் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதலோடு சைட்டுக்குப் போயிருக்க வேண்டும். பிறகு பீமைக் குடைவது எளிதல்ல, பல பீம்களில் குடையவே விடமாட்டார்கள். வரைபடத்தில் ஒரே குழாய் கடக்கும் எல்லாப் பீம்களுக்கும் ஒரே மட்டத்தை எழுதிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். 4 மீட்டருக்கு ஒரு பீம், 100-க்கு 1 வாட்டம் என்றால் ஒவ்வொரு ஸ்லீவும் முந்தையதைவிட 40 மி.மீ. கீழே இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் மட்டத்தையும் மாடலிலிருந்து தனித்தனியாக எடுத்து எழுதுங்கள்.