பைரேட் ரேடியோ: கொள்ளையுமில்லை, களவுமில்லை

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பில் ‘கடற்கொள்ளை வானொலி’ என்று படித்தேன். யாரோ கப்பலை மறித்து ரேடியோப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்போலும் என்றுதான் முதலில் நினைத்தேன். மூலத்தில் இருந்தது ‘பைரேட் ரேடியோ’ என்பது இரண்டு பத்தி தாண்டித்தான் விளங்கியது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்வதற்கில்லை. அகராதியைப் புரட்டி இரண்டு சொல்லையும் ஒட்டினால் அப்படித்தான் வரும்.

பொதுவாகச் சொன்னால், அரசின் உரிமம் பெறாமல் நடக்கும் வானொலி நிலையம் பைரேட் ரேடியோ. 1960களின் வடமேற்கு ஐரோப்பாவில் அதற்குக் குறிப்பான ஒரு பொருள் ஏறியது: நாட்டின் கடல் எல்லைக்கு வெளியே நங்கூரம் போட்டு, கப்பலிலிருந்தே கரைக்குப் பாட்டு அனுப்பிய நிலையம்.

‘பைரேட்’டின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘பெய்ரா’ என்றால் முயற்சி. துணிந்து பாய்பவன் ‘பெய்ராதேஸ்’. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது கடலில் கப்பலை மறிப்பவனைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் அடுத்தவர் எழுத்தை அனுமதியில்லாமல் அச்சுப் போட்டவனையும் அதே பெயரால் வைதார்கள். அப்போதே சொல்லிலிருந்து கடல் கழன்றுவிட்டது, ‘உரிமையில்லாதவன்’ என்பது மட்டும் தங்கியது. 1920களில் பிரிட்டனில் லைசென்ஸ் கட்டாமல் வீட்டில் ரேடியோ கேட்டவர்கூட ‘பைரேட்’தான். (நம்மூரிலும் ஒரு காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது. தபால் ஆபீசில் பணம் கட்டிச் சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கிவந்த தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்கள்.)

கழன்றுபோன கடல் 1958இல் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஆண்டு டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலான நீரிணையில் ‘சீட்டா’ என்ற கப்பலிலிருந்து ரேடியோ மெர்க்கூர் பாடத் தொடங்கியது. 1960இல் நெதர்லாந்துக் கரைக்கு எதிரே ரேடியோ வெரோனிகா வந்தது. 1964 மார்ச் 28, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு எதிரே ரேடியோ கரோலைன் தொடங்கியது. அயர்லாந்துக்காரரான ரோனன் ஓ’ராஹிலி ‘ஃப்ரெடெரீசியா’ என்ற பழைய டேனிஷ் பயணிகள் கப்பலை வாங்கி, அயர்லாந்தின் கிரீனோர் துறைமுகத்தில் ஏரியல் கம்பம் நட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ‘கேலக்ஸி’ கப்பலில் ரேடியோ லண்டன் வந்தது. அது ஒரு காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் கண்ணிவாரிக் கப்பல், கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றுவது.

கப்பலேறிப் போய்ப் பாட்டுப் போடும் அளவுக்கு என்ன பஞ்சம்? பிரிட்டனில் வானொலி என்றால் பிபிசி மட்டுமே. அந்த பிபிசிக்கும் ‘ஊசி நேரம்’ என்று ஒரு கட்டுப்பாடு. இசைத்தட்டின் மேல் ஊசி படும் நேரத்தை அளந்து கொடுத்திருந்தார்கள், நாளுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம். தட்டையே வானொலியில் சுழற்றிக்கொண்டிருந்தால் வாத்தியக்காரர்களுக்கு வேலை போய்விடும், தட்டு விற்பனையும் படுத்துவிடும் என்று இசைக்கலைஞர் சங்கமும் தட்டுக் கம்பெனிகளும் போட்ட ஒப்பந்தம் அது. கப்பல்காரர்கள் அதில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. பாட்டு நிற்கவேயில்லை. கையடக்க டிரான்சிஸ்டர் பரவிய காலமாதலால், பெற்றோர் கண்ணில் படாமல் பிள்ளைகள் போர்வைக்குள்ளேயே கேட்டார்கள்.

அலை அடித்தால் கப்பலோடு கிராமபோன் கையும் ஆடும், ஊசி தாவும். ஊசித் தலையின் மேல் ஒரு காசை வைத்து அழுத்திப் பாட்டை ஓட்டினார்கள். தட்டு தேயுமே என்று கவலைப்பட அங்கே நேரமில்லை. ஆட்டி வைத்த அதே கடல் இன்னொரு விதத்தில் உதவியது. இவர்கள் ஒலிபரப்பிய மத்திய அலை (மீடியம் வேவ்) தரையை ஒட்டிப் போவது. காய்ந்த மண் அதை உறிஞ்சிவிடும், உப்புத் தண்ணீர் நெடுந்தூரம் போகவிடும். வீட்டு எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதே சங்கதிதான். இரும்புக் கப்பலுக்குக் கடல் முழுவதுமே எர்த் குழி.

இனி, தமிழில் என்ன சொல்வது?

‘கொள்ளை’ ஒத்துவராது. ‘கொள்’ என்ற வினையின் பிள்ளை அது. கொள்ளை ஆசை, கொள்ளை அழகு என்று அள்ளியள்ளிப் பேசலாம், ஆனால் கொள்ளை என்றால் பறிகொடுத்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். இந்தக் கப்பல்கள் யாரையும் மறிக்கவில்லை. 1982இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையே இரண்டையும் வேறு வேறாகத்தான் வைத்திருக்கிறது: கடற்கொள்ளைக்கு 101ஆம் பிரிவு, நடுக்கடலிலிருந்து அனுமதியின்றி ஒலிபரப்புவதற்கு 109ஆம் பிரிவு. இவர்கள் உத்தமர்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஐரோப்பிய நாடுகள் 1948இல் கோபன்ஹேகனில் அலைவரிசைகளைப் பங்கு போட்டிருந்தன, அதில் இவர்களுக்குப் பங்கு கிடையாது. புறம்போக்கில் குடிசை போட்ட கதைதான். சில வேளை அடுத்தவன் பட்டாவுக்குள்ளும் கால் நீண்டது.

‘திருட்டு வானொலி’? காதுக்கு இது இன்னும் பழக்கமான சொல். ‘திருட்டு ரயில்’ என்றால் யாரும் ரயிலைத் திருடவில்லை, டிக்கெட் எடுக்காமல் ஏறினார்கள் என்றுதானே பொருள்? ‘கள்ள’ என்ற முன்னொட்டும் அப்படியே. கள்ளச் சாராயம், உரிமம் இல்லாத சாராயம். ‘கள்ளத்தோணி’, அனுமதியில்லாமல் தோணியேறி வந்தவர் என்ற வசை, யார்மேல் எறியப்பட்டது என்பது இலங்கைத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதே வேரில் பிறந்த ‘களவு’ நம் இலக்கணத்தில் வசையே அல்ல. பெற்றோர் அறியாமல் காதலிப்பது களவு, ஊரறிய மணந்தால் கற்பு. இந்த நிலையங்களுக்கு மிக அருகில் வரும் சொல் அதுதான் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கள்ளமும் களவும் மறைவில் நடப்பவை. கரோலைனோ, இன்ன மீட்டரில் இருக்கிறோம் என்று நாள் முழுக்கக் கூவியது. லண்டன் மேஃபேரில் பெயர்ப்பலகையோடு அலுவலகம் வைத்திருந்தது.

உண்மையிலேயே ஒளிந்து நடந்ததற்குத் ‘தலைமறைவு வானொலி’ என்ற சொல் இருக்கிறது. 1942இல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் இடம் மாற்றி மாற்றி நடத்திய காங்கிரஸ் ரேடியோ அந்த வகை. அதைப் பைரேட் என்று எழுதினால் தப்பு.

கப்பல் நிலையத்துக்கு நான் எழுதுவது ‘கடல் வானொலி’. டச்சுக்காரர்கள் எப்போதோ இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் மொழியில் அது ‘ஸேஸெண்டர்’, கடல் ஒலிபரப்பி. வசையும் இல்லை, வீரப்பட்டமும் இல்லை. இவர்களை ஒழிக்க வந்த 1967ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தின் தலைப்பும் கடல் ஒலிபரப்புக் குற்றங்கள் என்றுதான் சொல்கிறது, பைரேட் என்ற பேச்சு அதில் இல்லை. கரையில் உரிமமில்லாமல் நடப்பதை ‘உரிமமிலா வானொலி’ என்று எழுதிவிடலாம். அடுக்குமாடிக் கூரையில் ஏரியல் கட்டி லண்டனில் எஃப்எம் நடத்தினார்களே, அவர்களுக்கு அது பொருந்தும்.

அந்த 1967 சட்டம் கப்பலைத் தொடவில்லை. பிரிட்டனின் கடல் எல்லை அன்று 3 கடல் மைல்தான், கப்பல்கள் அதற்கு அப்பால் நின்றன. ஆகவே பிரிட்டிஷ்காரர் அதில் வேலை செய்வதும், சோறு, எண்ணெய் கொண்டுபோவதும், விளம்பரம் கொடுப்பதும் குற்றம் என்றார்கள். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் அது அமலுக்கு வந்தது. ரேடியோ லண்டன் அன்று பிற்பகல் 3 மணிக்கே மூடிக்கொண்டது. செப்டம்பர் 30 அன்று பாப் பாட்டுக்கென்றே பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது முதலில் மைக் பிடித்தவர் டோனி பிளாக்பர்ன், கப்பலிலிருந்து இறங்கி வந்தவர். நம் ஊரில் சினிமாப் பாட்டை ஒதுக்கிய ஆல் இந்தியா ரேடியோ, இலங்கை வானொலியிடம் நேயர்களைப் பறிகொடுத்த பிறகு 1957இல் விவித் பாரதியைத் தொடங்கிய கதை நினைவுக்கு வரலாம். ஆனால் இலங்கை வானொலி ஒரு நாட்டின் சொந்த நிலையம், பைரேட் கணக்கில் சேராது.

கரோலைன் மட்டும் அடங்கவில்லை. பாக்கி வைத்ததற்காக 1968 மார்ச்சில் இழுவைப் படகுக் கம்பெனியே அதன் கப்பல்களை இழுத்துக்கொண்டு போனது. பிறகு மீண்டது. 1980 மார்ச்சில் அதன் இன்னொரு கப்பலான ‘மி அமிகோ’ புயலில் மூழ்கியது. ஆட்களோடு வில்சன் என்ற கேனரிப் பறவையும் தப்பியது (1967 சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமரின் பெயர்!). கப்பல் அடியில் கிடக்க, ஏரியல் கம்பம் மட்டும் தண்ணீருக்கு மேல் பல வருஷம் நின்றது.

இன்று அலைவரிசை என்ற பட்டாவே மதிப்பிழந்து வருகிறது. மத்திய அலையை ஒவ்வொரு நாடாகக் கைவிடுகின்றன, இணையத்தில் யார் வேண்டுமானாலும் பாடலாம். அப்படிக் காலியான ஓர் இடத்துக்குத்தான் கரோலைனுக்கு 2017இல் உரிமம் கிடைத்தது: 648 கிலோஹெர்ட்ஸ், முன்பு பிபிசி உலக சேவை பேசிய அலைவரிசை. ஒலிபரப்பி கரையில் இருக்கிறது. ஆகவே இப்போது அதைக் கடல் வானொலி என்றும் எழுத முடியாது, வெறும் வானொலிதான். அதன் ‘ராஸ் ரிவெஞ்ச்’ கப்பல் எஸ்ஸெக்ஸில் பிளாக்வாட்டர் கழிமுகத்தில் நிற்கிறது. மாதம் ஒருமுறை அதில் ஏறி நிகழ்ச்சி நடத்துகிறார்கள்.