கால் எழும்பும் முன்பே

"ஏம்மிணி, கண்ணை மூடிக்கிட்டே எப்படிக் காலெடுத்து வெக்கிறே? அந்தம்மா காதுல ஏதாச்சும் சொல்லுதா?"

நான் ஆசிரியையோடு டேங்கோ என்ற ஜோடி நடனம் ஆடிய வீடியோவைச் செல்போனில் பார்த்துவிட்டு என் மாமியார் கேட்ட கேள்வி. அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸிலிருந்து வந்து ஊர் ஊராக டேங்கோ சொல்லிக்கொடுக்கும் ஒரு தம்பதி, போன மாதம் பாலக்காட்டில் 4 நாள் வகுப்பு எடுத்தார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து நானும் வீட்டுக்காரரும் தினம் சாயங்காலம் பஸ் பிடித்துப் போய்வந்தோம். இருபது வருஷமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அந்த நேரத்தில் அத்தைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

டேங்கோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரியோ தெ லா பிளாட்டா கழிமுகத்தின் இரு கரைகளிலும், பியூனஸ் அயர்ஸிலும் உருகுவேயின் மான்டிவிடியோவிலும், சாதாரண மக்கள் குடியிருந்த பகுதிகளில் உருவானது. 2009இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. நாம் சினிமாவில் பார்க்கும் மேடை டேங்கோவில் எல்லாம் முன்பே ஒத்திகை பார்த்தது. கூடத்தில் பொதுமக்கள் ஆடுவது வேறு மாதிரி. அங்கே எழுதிவைத்த அசைவு எதுவும் கிடையாது. ஜோடிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றி வருவார்கள். முன்னால் இருக்கும் ஜோடி நின்றால் பின்னால் வருபவர் அந்த நொடியே முடிவை மாற்ற வேண்டும். ஜோடியில் ஒருவர் நடத்துபவர், அவர் அங்கங்கே முடிவெடுக்கிறார்; மற்றவர் தொடர்பவர், அவர் அதே கணத்தில் கூடவே போகிறார். நெருங்கிய அணைப்பில் ஆடும்போது நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்திருக்கும், கால்கள் கண்ணில் படாது. தொடர்பவர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டே ஆடுகிறார்கள்.

முதல் நாள் அந்த ஆசிரியை என்னைத்தான் கூப்பிட்டார். வெறுங்கால் மொசைக் தரையில் ஒட்டிக்கொண்டு திருப்ப வராது என்பதால் எல்லாரும் சாக்ஸ் போட்டிருந்தோம். என் நெஞ்செலும்புக்கும் அவர் நெஞ்செலும்புக்கும் நடுவில் ஓர் ஏ4 தாளை வைத்தார். கைகளைத் தொங்கவிடச் சொன்னார். தாள் விழவும் கூடாது, கசங்கவும் கூடாது, அவ்வளவுதான் விதி. மூன்று தடவை விழுந்தது. நான்காவது தடவை, அவர் எந்தக் காலையும் தூக்காமல் நின்ற இடத்திலேயே எடையை மட்டும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றினார். "இப்போது நான் எந்தக் காலில் நிற்கிறேன்?" கண்ணை மூடிக்கொண்டே சொல்ல வேண்டும். முதல் நான்கில் இரண்டு தப்பு. அப்புறம் தப்பவே இல்லை. ஒரு தாளின் வழியாக இன்னொருவருடைய பாதம் எனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

இது எப்படி நடக்கிறது? சின்ன வயதில் உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். நிற்கிற மனித உடம்பும் அப்படி ஒரு தலைகீழ் ஊசல்தான். உடம்பின் நிறை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, அதைத் தாங்குகிற இடமோ இரண்டு பாதங்கள் மட்டும். அந்தக் கம்பை வலது பக்கம் கொண்டுபோக வேண்டும் என்றால் கையை முதலில் எந்தப் பக்கம் நகர்த்துவீர்கள்? வலது பக்கம் நகர்த்தினால் கம்பு இடது பக்கம் சாய்ந்து விழுந்துவிடும். கையை லேசாக இடது பக்கம் இழுக்க வேண்டும். கம்பு வலது பக்கம் சாயும். அப்புறம்தான் கை அதன் அடியில் ஓடும்.

நாம் ஒவ்வொரு தடவை நடக்கத் தொடங்கும்போதும் உடம்பு இதையேதான் செய்கிறது, நம்மைக் கேட்காமல். நின்ற நிலையிலிருந்து வலது காலை முன்னால் எடுத்து வைக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். எடுக்கப்போகும் அந்த வலது பாதம் முதலில் தரையை ஒரு துளி அதிகமாக அழுத்துகிறது! அந்த அழுத்தம் உடம்பை இடது பக்கம் தள்ளிவிடுகிறது. அதே நேரத்தில் கெண்டைக்கால் தசை பிடியைத் தளர்த்துகிறது, காலின் முன்பக்கத் தசை இறுகுகிறது, பாரம் குதிகாலுக்குப் போகிறது. பாதம் பின்னால் அழுத்த, உடம்பு முன்னால் சாயத் தொடங்குகிறது. இத்தனையும் ஆன பிறகுதான் வலது கால் தரையை விட்டு எழும்புகிறது. இந்த முன்னேற்பாட்டுக்கு ஏறக்குறைய அரை விநாடி ஆகிறது. காலடியில் அழுத்தத்தை அளக்கும் தட்டை வைத்து ஆய்வுக்கூடத்தில் இதை வரைபடமாகவே பார்க்கலாம்.

ஆக, ஓர் அடி என்பது காலில் தொடங்குவதே இல்லை. கால் அசைவதற்கு அரை விநாடி முன்பே நெஞ்சு நகர்ந்துவிடுகிறது. நெருங்கிய அணைப்பில் தொடர்பவரின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது. தோலில் ஏற்படும் ஓர் அழுத்தத்தை உணர்ந்து உடம்பு எதிர்வினை காட்டச் சுமார் 0.15 விநாடி போதும், கண்ணால் பார்த்துச் செயல்படுவதைவிட இது வேகம். அரை விநாடியில் 0.15 போனால் மிச்சம் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். விநாடிக்கு ஓர் அடி என்ற அளவில் நடக்கும் ஆட்டத்துக்கு அது தாராளம்.

அவ்வளவு மெல்லிய அழுத்தம் போதுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவில் ஜான் ஜெகா, ஜேம்ஸ் லாக்னர் என்ற இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நிற்பவர்கள் விரல் நுனியால் பக்கத்தில் ஒரு பட்டையைத் தொட்டார்கள். அழுத்தம் 1 நியூட்டனுக்கும் குறைவு, அதாவது 100 கிராம் பாரத்தைவிடக் கம்மி. அந்த விசை யாரையும் தாங்காது. ஆனாலும் உடம்பின் தள்ளாட்டம் நன்றாகக் குறைந்தது. விரலுக்குக் கிடைத்தது தகவல் மட்டும், மூளைக்கு அது போதுமானதாக இருந்தது.

அத்தையிடம் இதைச் சொன்னபோது பாதியில் நிறுத்தி, "எனக்குக் காட்டு" என்றார். வாசல் சுவரின் ஓரம் கூட்டிப்போனேன். வலது தோளும் வலது பாதத்தின் வெளி ஓரமும் சுவரில் ஒட்டும்படி நிற்கவைத்து, "இப்ப எடது காலத் தூக்குங்க அத்தை" என்றேன். நீங்களும் செய்து பாருங்கள், முடியாது. தூக்குவதற்கு முன் உடம்பு வலது பக்கம் போயாக வேண்டும், சுவர் விடாது. அத்தை இரண்டு தடவை முயன்றார், மூன்றாவது தடவை சுவரை விட்டு விலகி என் தோளைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க மாமா சப்பரம் தூக்கறப்ப இதையேதான் சொல்லுவாரு. முன்னாடி நிக்கிறவன் காலெடுக்கறதுக்கு முன்னாலயே தண்டு தோள்ல சொல்லிப்போடும்னு" என்றார்.

நான் நாலு நாள் சம்பளத்தைக் கட்டிக் கற்றுக்கொண்டதை மாமா தோளில் வைத்திருந்திருக்கிறார்.

இதே நுண்ணிய அசைவு எங்கள் பக்கத்தில் இன்னொரு வேலையும் செய்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பகுதி மழைமறைவு நிலம். போர் போடாமல் தென்னையைக் காப்பாற்ற முடியாது. எனவே உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவருக்கு இங்கே மதிப்பு அதிகம். எங்கள் தோட்டத்தில் தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் 900 அடி போட்டோம், புழுதிதான் வந்தது. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். தேங்காய் நிமிர்ந்ததை நானே பார்த்தேன். நிமிர்த்தியது அவருடைய கைத்தசை, அது அவருக்கே தெரியாது.

மனதில் எதிர்பார்ப்பு இருந்தால் தசை தானாக அசையும் என்பதை இங்கிலாந்தில் வில்லியம் கார்ப்பென்டர் 1852இல் விளக்கினார். அடுத்த வருஷமே மைக்கேல் ஃபாரடே அதைச் சோதித்துக் காட்டினார். அப்போது லண்டன் வீடுகளில் மேசையைச் சுற்றிக் கைவைத்து உட்கார்ந்தால் ஆவி வந்து மேசையைச் சுழற்றும் என்று நம்பினார்கள். ஃபாரடே கைக்கும் மேசைக்கும் நடுவில் மெல்லிய பசையால் ஒட்டிய அட்டை அடுக்குகளை வைத்தார். மேசை முதலில் நகர்ந்திருந்தால் கீழ் அட்டை முந்தியிருக்கும். முந்தியது கைப்பக்கத்து அட்டை. கை நகர்வதைக் காட்டும் ஒரு முள்ளை எதிரில் வைத்து, உட்கார்ந்தவர்கள் அதைப் பார்க்கும்படி செய்ததும் மேசை சுற்றுவதே நின்றுபோனது.

டேங்கோ ஆடுகிறவருக்கும் தேங்காய் பிடிக்கிறவருக்கும் இருப்பது ஒரே தசை, ஒரே நரம்பு. டேங்கோவில் அது எதிரில் இருப்பவரின் உடம்பிலிருந்து உண்மையான செய்தியைக் கொண்டுவருகிறது. தேங்காயில் அது நம் சொந்த ஆசையை நிலத்தின் செய்தி என்று நம்பவைக்கிறது. அந்த நம்பிக்கைக்கு எங்கள் ஊர் விவசாயி நகையை அடகு வைக்கிறான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நிலவியல் படித்தவர் நிலத்தின் மின்தடையை அளந்து பார்த்துச் சொல்லும் முறை இருக்கிறது. அதிலும் தவறு வரும், ஆனால் எங்கே தவறியது என்று திரும்பிப் பார்க்கலாம்.

நடக்கத் தொடங்கும் முன் உடம்பு செய்யும் அந்த முன்னேற்பாட்டின் வலு பார்க்கின்சன் நோயில் குறைந்துபோகிறது. சிலருக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும், எடுக்க வராது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மேடலின் ஹேக்னியும் கேமன் எர்ஹார்ட்டும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஒரு மணி நேரம் வீதம் 20 நடன வகுப்பு வைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு டேங்கோ, இன்னொரு பகுதியினருக்கு வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் என்ற வேறு ஜோடி நடனங்கள். 2009இல் வந்த முடிவின்படி இரு தரப்பாருக்கும் சமநிலை முன்னேறியது, ஆடாதவர்களுக்கு இல்லை. டேங்கோவில் நிற்பதும் தொடங்குவதும் பின்னால் நடப்பதும் மாறி மாறி வருகின்றன. கால் உறைந்துபோகிறவருக்குத் தேவையான பயிற்சியும் அதுதான்.

நம்மிடம் வள்ளி கும்மி இருக்கிறது, ஒயிலாட்டம் இருக்கிறது, சப்பரம் தூக்கும் தோள்கள் இருக்கின்றன. இவற்றை விழா மேடையில் பாராட்டப் பணம் கிடைக்கிறது, அளந்து பார்க்கக் கிடைப்பதில்லை. ஓர் அழுத்தத் தட்டும் இரண்டு ஆராய்ச்சி மாணவர்களும் இருந்தால் கோவையிலோ பாலக்காட்டிலோ நாளைக்கே தொடங்கிவிடலாம். இதற்கு நிதி கேட்டு எழுதுகிறவர்களை "டான்ஸுக்கெல்லாமா ஆராய்ச்சி" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

நான் காத்திருக்கப் போவதில்லை. செல்போனுக்குள் முடுக்கத்தை அளக்கும் உணரி இருக்கிறது, பதிவு செய்யும் செயலியும் இலவசமாகக் கிடைக்கிறது. வருகிற மாரியம்மன் நோம்பிக்குச் சப்பரம் தூக்கும் எட்டுப் பேரில் மூன்று பேர் இடுப்பில் போனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். தண்டிலும் ஒரு போன் கட்ட வேண்டும், அதற்குப் பூசாரியிடம் அத்தை பேசியிருக்கிறார். தண்டில் முதல் அசைவு எப்போது வருகிறது, முன்னால் நிற்பவரின் உடம்பு எப்போது நகர்கிறது, பின்னால் நிற்பவர் எத்தனை விநாடி கழித்துக் கூடச் சேர்கிறார் என்று பார்க்க வேண்டும்.